இன்னிக்கு மதுரை எவ்வளவு?

கொரோனா வந்த வருஷம் நான் மதுரையில், மாமனார் வீட்டில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். எங்கள் வழக்கப்படி தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். அம்மா வீடு பாளையம்பட்டி, அருப்புக்கோட்டையை ஒட்டினாற்போல். மதுரையில் பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டால் ஊர் வந்துவிடும். வளைகாப்பு முடிந்த கையோடு என்னைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அந்த வளைகாப்புக்கு நாங்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஊரடங்கு முந்திக்கொண்டது. மண்டபம் இல்லை, விருந்து இல்லை. மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காவும் வளையல் அடுக்கினார்கள். அம்மா வீடியோ காலில் அழுதாள். படம் நடுவில் நின்றுவிட்டதால், வாய் திறந்தபடியே அரைமணி நேரம் அழுதுகொண்டிருந்தாள்.

மாவட்டம் விட்டு மாவட்டம் போகப் பாஸ் வேண்டும் என்றார்கள். கர்ப்பிணிக்குப் பாஸ் கிடைத்துவிடும் என்றும் சொன்னார்கள். கிடைக்காமல் போனது இரண்டு பெரிய மனிதர்களின் சம்மதம். ஒருவர் என் அப்பா, இன்னொருவர் என் மாமனார்.

அப்பாவுக்கு மிளகாய் வத்தலும் மல்லியும் கமிஷனுக்கு விற்றுக்கொடுக்கும் மண்டி. மல்லி என்றதும் மதுரைக்காரர்கள் பூவை நினைப்பார்கள். எங்களுக்கு மல்லி என்றால் குழம்புக்கு வறுத்து அரைக்கிற மல்லிதான். மழையை நம்பி விதைத்து, மழை வராவிட்டாலும் எப்படியோ விளைந்துவிடுகிற சரக்கு. அப்பா வாழ்நாள் முழுக்க அதன் விலை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தே வளர்ந்தவர். மாமனாருக்கு மதுரையில் பாத்திரக் கடை. எதைப் பார்த்தாலும் அதில் எத்தனை படி பிடிக்கும் என்று மனசுக்குள் அளந்துவிடுவார். கல்யாணத்தில் என்னைப் பார்த்தபோதும் அளந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலமானால் டிவியில் மாவட்டவாரியாக எண்ணிக்கை ஓடும். இன்று இத்தனை பேருக்குத் தொற்று, இத்தனை பேர் குணம், இத்தனை பேர் இறப்பு. அது ஓடி முடிவதற்குள் மாமனாரின் செல்போன் அடிக்கும், அப்பாதான். எடுத்ததும் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"இன்னிக்கு மதுரை எவ்வளவு சம்பந்தி?"

டிவி அவர் வீட்டிலும் இருக்கிறது. எண் அவருக்கும் தெரியும். ஆனாலும் மாமனார் வாயால் சொல்லக் கேட்பதில் அப்பாவுக்கு ஒரு சுகம். மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். அப்பா "ஏத்தமாத்தான் இருக்கு" என்பார், பக்கத்து ஊர் மண்டியில் விலை விழுந்ததைக் கேட்ட குரலில். பிறகு எங்கள் விருதுநகர் மாவட்டத்தின் எண்ணைச் சொல்வார். அப்போது அது சின்ன எண். அதைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுப்பது மாதிரி அடக்கமாகச் சொல்வார்.

"அதனாலதான் சொல்றேன். பிள்ளைய இங்க அனுப்பிருங்க. இது காஞ்ச பூமி. இந்த வெயில்ல மல்லியே மொறமொறன்னு ஆகிருது, கிருமி எம்புட்டு நேரந் தாங்கும்?"

மாமனார் விடுவாரா? "சம்பந்தி, எங்க ஊரு அண்டா. உங்க ஊரு டம்ளரு. அண்டாவுல ரெண்டு செம்பு தண்ணி கெடந்தா அடியிலதான் நிக்கும். டம்ளர்ல ஒரு கரண்டி ஊத்துனா வழிஞ்சுரும். எத்தன கரண்டின்னு மட்டும் பாக்கப்படாது, பாத்திரத்தையும் பாக்கணும்."

"அப்ப எங்க ஊரு டம்ளருங்கிறீகளா?"

"அளவச் சொன்னேன். தரத்தச் சொல்லல."

இதைப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு நான் கேட்பேன். அவர் ஸ்பீக்கரில் போடாவிட்டாலும் கேட்கும், தெருவுக்கே கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என்று ஆரம்பித்த பேச்சு, யார் ஊர் உசத்தி என்பதில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு எங்கே போக ஆசை என்று இருவரில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு அம்மா வேண்டும். அவ்வளவுதான். வலி வரும்போது கையைப் பிடித்துக்கொள்ள அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். இதைச் சொல்ல எந்த மாவட்டத்தின் எண்ணும் தேவையில்லை.

என் கணவர் கம்ப்யூட்டர்காரர். அந்த நாட்களில் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு, கீழே கைலியோடு, வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். பெரியவர்கள் சண்டையைத் தீர்த்துவைக்கிறேன் என்று ஒருநாள் கிளம்பினார். லட்சம் பேருக்கு எத்தனை பேர், ஏழு நாள் சராசரி என்றெல்லாம் போட்டு, மதுரைக்குச் சிவப்பு, விருதுநகருக்கு நீலம் என்று இரண்டு கோடுகள் வரைந்தார். நன்றாகத்தான் வரைந்திருந்தார். இரண்டையும் பார்த்தால் ஒரே மாதிரி வளைந்திருந்தன. சிவப்பு முன்னால் போனது, நீலம் கொஞ்ச நாள் கழித்து அதே வழியில் பின்னால் வந்தது.

"மாமா, உங்க ஊருல இல்லைன்னு இல்ல. இனிமேத்தான் வரப்போகுது" என்று அப்பாவிடம் போனில் விளக்கினார்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். "மாப்பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். அதன் பிறகு அம்மாவிடம், போனை வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்கு மண்டி அனுபவம் கெடையாது" என்றார். கணவர் கோடுகளை மூடி வைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

அப்பாவின் மண்டி அனுபவம் சொன்னது இதுதான்: ஏத்தத்தில் இருக்கும் சரக்கைத் தொடாதே, இறங்கும்வரை பொறு. மதுரை எண் இறங்கட்டும், அப்போது வண்டி எடுத்துக்கொண்டு வந்து பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்று அவர் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் இறங்கினால் சந்தோஷப்படுவார். செவ்வாய்க்கிழமை ஏறினால் "இது கடைசி ஏத்தம்" என்பார். மல்லிக்கு இது சரியாக இருக்கலாம். மல்லி மூட்டை குடோனில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் கிடக்கும். என் வயிற்றில் இருந்தது கிடக்குமா? இதைச் சொல்லிக் கத்தினேன். "சூடாகாத தாயி, பிள்ளைக்கு ஆகாது" என்றார் அப்பா.

சாவுக் கணக்கை மட்டும் இருவரும் வாசிக்க மாட்டார்கள். அது கடைசியில் ஓடும். அதற்குள் அவரவர் வீட்டில் சேனலை மாற்றிவிடுவார்கள். ஒருநாள் வாசிக்க வேண்டியதாயிற்று. அப்பாவின் மண்டிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர், மூச்சு வாங்குகிறது என்று ஆம்புலன்ஸில் மதுரைக்கு வந்து, மதுரையிலேயே போய்ச் சேர்ந்தார். நான் பள்ளிக்கூடம் போகும்போது பட்டர் பன்னை இரண்டாகப் பிய்த்துத் தருகிற மனிதர். அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். எனக்குத் தெரியும், அவருக்கு அழத்தான் வேண்டியிருந்தது. ஆனால் இந்த ஆண்களுக்கு அழுகை நேராக வராது போலிருக்கிறது.

"அவருக்கு ஊரு எங்க ஊரு. செத்தது உங்க ஊரு. எந்தக் கணக்குல எழுதுவாக?" என்று கேட்டார்.

"எங்க ஆஸ்பத்திரியில நடந்ததுன்னா எங்க தலையிலதான் எழுதுவாக" என்றார் மாமனார். "இப்படிச் சுத்துப்பட்டுல இருக்கவுக எல்லாரும் இங்க வந்தா எங்க கணக்கு கூடத்தான செய்யும்?"

அந்தப் பக்கம் அம்மா போனைப் பிடுங்கினாள். "அவுக வீட்டுல ஒரு ஆளு கொறஞ்சு போச்சு. அந்தக் கணக்கு போதாதா ஒங்களுக்கு? ரெண்டு பேரும் வைங்க போன." இருவரும் வைத்தார்கள். மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தது.

கொஞ்ச நாளில் என் கணவரின் நீலக்கோடு சொன்னது நடந்தது. மதுரை இறங்கத் தொடங்கியது, எங்கள் மாவட்டம் ஏறத் தொடங்கியது. மாமனார் அன்று சாயங்காலம் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு போனுக்குக் காத்திருந்தார். போன் வரவில்லை. அவரே அடித்தார்.

"என்ன சம்பந்தி, இன்னிக்கு விருதுநகர் எவ்வளவு?"

அப்பா சளைக்கவில்லை. மாவட்டம் ஏறினாலும் அதெல்லாம் அந்தப் பக்கம்தான், நம்ம அருப்புக்கோட்டை பக்கம் இல்லை என்றார். அடுத்த வாரம், அருப்புக்கோட்டை டவுனில்தான், பாளையம்பட்டியில் இல்லை. அதற்கடுத்து, பாளையம்பட்டியில் மெயின் ரோட்டில்தான், நம்ம தெருவில் இல்லை. பிறகு தெருவிலும் கிழக்குக் கோடியில்தான் என்றார். அப்பாவின் ஊர் வரைபடம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வந்து நின்றது. "இல்லேன்னா திருச்சுழியில என் தங்கச்சி வீட்டுல வச்சுப் பாப்போம். அங்க காத்து நல்லாருக்கும்" என்றும் ஒருநாள் சொன்னார். "ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டேன். "அருப்புக்கோட்டைக்குத்தான் வரணும்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். ஒன்பதாம் மாதத்தில் அது சுலபம்.

அம்மா மட்டும் எந்த எண்ணையும் சொல்லாமல் எனக்குத் தின்பண்டமாகச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். சரக்கு வண்டிக்குத் தடை இல்லை. அப்பாவின் மல்லி மூட்டைகள் மதுரைக்கு வரும்போது டிரைவர் ஒரு பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் அதில் வறுத்து அரைத்த மல்லிப்பொடி இருந்தது. மசக்கையிலும் எனக்குப் பிடித்த ஒரே வாசம் அதுதான். மண்டியிலேயே வளர்ந்தவள் நான். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தால், அது எந்த வருஷத்துச் சரக்கு என்று சின்ன வயதிலேயே சொல்வேன்.

டப்பாவைத் திறந்தேன். வாசமே இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் வைத்து இழுத்தேன். மண்ணை மோந்தது மாதிரி இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடனே அப்பாவுக்கு அடித்தேன்.

"ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் நல்ல சரக்கு, எனக்கு மட்டும் குடோன் மூலையில கெடந்த பழைய சரக்கா?"

என் அப்பாவை எதற்கு வேண்டுமானாலும் திட்டலாம், சரக்கைக் குறை சொன்னால் பிடிக்காது. "யாரப் பாத்து என்ன சொல்ற? இந்த வருஷத்து மல்லி. நானே மோந்து பாத்துக் குடுத்தேன். உங்கம்மா வறுக்கும்போது தெருவே மணந்துச்சு" என்று எகிறினார். நானும் விடவில்லை. "வந்து மோந்து பாருங்க. புழுதி மாதிரி இருக்கு. ஏமாத்திட்டான் எவனோ உங்கள."

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சி எதையோ மோந்து பார்ப்பது கேட்டது.

"தாயி" என்றார் அப்பா. குரல் வேறு மாதிரி இருந்தது. "சரக்கு நல்ல சரக்குதான். நீ இன்னொருக்கா மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். பிறகு அடுக்களைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். காபித்தூளைத் திறந்தேன். அப்போதுதான் இரண்டு நாளாக மாமியார் சாம்பாரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. டப்பாக்களைத் திறந்தபடியே போட்டுவிட்டு மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பயந்துபோனேன். எனக்காக இல்லை.

சோதனை எடுத்தார்கள். தொற்று இருக்கிறது என்றார்கள். காய்ச்சல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, குழந்தை நன்றாக அசைகிறது. மாடி அறையிலேயே தனியாக இருக்கட்டும், தினமும் போனில் பார்த்துக்கொள்கிறோம் என்று டாக்டர் சொன்னார். கீழே இருந்தவர்களுக்கு இல்லை என்று வந்தது. வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

கல்யாணமாகியும் நான் ஆதாரில் விலாசம் மாற்றவில்லை. சோம்பல்தான், வேறொன்றும் இல்லை. அதனால் மதுரை சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்து "எங்கம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர் போன் செய்து "பாளையம்பட்டி வீட்டுல நீங்க இல்லையாமே?" என்றார். அவருக்கும் சொன்னேன். இரண்டு மாவட்டமும் என்னைத் தேடின. நான் ஒரே ஆள்தான், மாடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். அது ரொட்டிதான் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமும் போன் அடித்தது. மாமனார் எடுத்தார். பேச வேறெதுவும் தெரியாததால் பழக்கதோஷத்தில் வந்ததா, என்னவோ, "ஆதாருல உங்க ஊரு அட்ரஸு. அதனால இது உங்க கணக்குலதான் வரும் சம்பந்தி" என்றார்.

மாடிப்படி வழியாக எனக்குக் கேட்டது. அப்பா என்ன சொல்வார் என்று நானும் காது கொடுத்தேன். தெருவின் கிழக்குக் கோடியைக்கூடத் தன் கணக்கில் சேர்க்காத மனிதர்.

"ஆமா" என்றார் அப்பா. ஸ்பீக்கரில் குரல் உடைந்தது. "எங்க கணக்குலயே எழுதச் சொல்லுங்க. எம்பிள்ளதான. எங்க கணக்குதான்."

மாமனார் ஆடிப்போய்விட்டார். "ஐயையோ, நான் ஒரு இதுக்குச் சொன்னேன். எங்க வீட்டு மருமக. மதுரைக் கணக்குதான் சம்பந்தி" என்றார். "இல்ல, நாங்க பெத்தது" என்றார் அப்பா. "எங்க வீட்டுல இருக்கு" என்றார் இவர். இரண்டு மாதமாக எண்ணை அந்தப் பக்கம் தள்ளியவர்கள், இப்போது இந்தப் பக்கம் இழுக்க ஆரம்பித்தார்கள். இருவரும் அழுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. மாடிப்படியின் தலைப்பில் நின்று கத்தினேன்.

"எந்தக் கணக்குலயாவது எழுதுங்க! எனக்கு அம்மா வேணும்!"

மாமியார் அடுக்களையிலிருந்து வந்தாள். இத்தனை நாளும் இந்தப் பேச்சில் தலையிடாதவள், மாமனாரின் கையிலிருந்து போனை வாங்கினாள். "அண்ணே, மதினிய கூப்பிடுங்க" என்றாள். அம்மா வந்ததும், "மதினி, கெளம்பி வந்துருங்க. இனி இவுக எறக்கத்துக்கெல்லாம் காத்திருக்க முடியாது" என்றாள்.

எங்கள் அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மகளுக்குத் தலைப்பிள்ளை பிறக்கும்வரை சம்பந்தி வீட்டில் கை நனைக்க மாட்டாள். வந்தால் நிற்பாள், பேசுவாள், தண்ணீர்கூட வேண்டாம் என்று போய்விடுவாள். அவள் அம்மா அப்படி, அவளும் அப்படி. மறுநாள் மல்லி லோடு வண்டியில், டிரைவருக்குப் பக்கத்தில், இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். சோதனைச் சாவடியில் என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "எம்மக மாசமா இருக்கா, போறேன்னு சொன்னேன். அந்தத் தம்பி போங்கம்மான்னுச்சு" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்தாள். டாக்டர் அதற்கு மேல் வரக் கூடாது என்றிருந்தார். நான் கதவைத் திறந்து அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மல்லி மூட்டையோடு வந்தவள். சேலையெல்லாம் மல்லித் தூசி. அவள் மேல் என்ன வாசம் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். அடிக்கவில்லை. அதைச் சொல்லி அழுதேன். "வரும்டி, எங்க போகப்போகுது" என்றாள். மதியம் மாமியார் ஒரு தட்டில் சோறு போட்டு, படியில் அவள் பக்கத்தில் வைத்தாள். அம்மா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிசைந்து சாப்பிட்டாள். இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினாள். மாமியார் அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்தினாள்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் விழிப்பு வந்தபோது ஏதோ ஒன்று சரியாக இருந்தது, என்னவென்று தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். கீழே அம்மா வாணலியில் மல்லி வறுத்துக்கொண்டிருந்தாள். லேசாகத்தான் வந்தது, படியேறி, கதவிடுக்கு வழியாக. போனை எடுத்து அப்பாவுக்கு அடித்தேன்.

"அப்பா, மல்லி வாசம் வருது."

அவர் எந்த ஊர் எண்ணையும் கேட்கவில்லை. மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "நல்ல சரக்குன்னு அன்னிக்கே சொன்னேன்ல" என்றார்.

தனிமை முடிந்து, மறுபடி சோதனையில் இல்லை என்று வந்து, அதற்குப் பிறகுதான் வலி எடுத்தது. மதுரையில்தான். அம்மாவின் கையைப் பிடித்து நான் நசுக்கிய நசுக்கில் அவளுக்கு இரண்டு நாள் மோர் கடைய முடியவில்லை. குழந்தையைத் துடைத்து என் பக்கத்தில் வைத்தபோது சாயங்காலம். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். டிவியில் எண்ணிக்கை ஓடுகிற நேரம். அவர் செல்போன் அடித்தது. அறைக்குள் படுத்திருந்த எனக்கு இரண்டு பேர் குரலும் கேட்டது.

பாளையம்பட்டியில் காத்திருந்த அப்பாவுக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பயத்தில் வாய்க்கு வந்த பழைய வார்த்தையையே கேட்டார்.

"சம்பந்தி, இன்னிக்கு மதுரை எவ்வளவு?"

மாமனார் இந்தத் தடவை பல்லைக் கடிக்கவில்லை.

"ஒண்ணு" என்றார். "ஒண்ணே ஒண்ணு சம்பந்தி. பொம்பளப் பிள்ள."